மதிலுக்கு வெளியே பெய்யும் மழை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 15 அன்று கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள். திரும்ப ஏற்றுவது டிசம்பர் 15 அன்று. நடுவில் வரும் இரண்டு மாதமும் வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். வில்லியம் மில்பர்ன் 1813-இல் வெளியிட்ட 'ஓரியண்டல் காமர்ஸ்' என்ற வணிகக் கையேடு இதைப் பதிவுசெய்கிறது. கூடவே ஒரு தகவலையும் சொல்கிறது. அந்த இரண்டு மாதத்தில் ஒடிசாவின் பாமிராஸ் முனையிலிருந்து இலங்கை வரையிலான கரையை ஒட்டி ஒரு கப்பல் வந்தால், இந்தியாவில் இருந்த எல்லா இன்சூரன்ஸ் அலுவலகங்களின் பாலிசிப்படியும் அதன் காப்பீடு செல்லாமல் போய்விடும்.

அதாவது, நாம் இன்று ரிஸ்க் மேப் என்று சொல்கிறோமே, அது இருநூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கடற்கரைக்குப் போடப்பட்டிருக்கிறது. வரைபடமாக இல்லை, கொடியாக. கொடி பறந்தால் காப்பீடு உண்டு. இறங்கினால் உன் பாடு.

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். காப்பீடு கப்பலுக்கும் சரக்குக்கும்தான். துறைமுகம் இல்லாத ஊர் அது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்க, சரக்கையும் ஆட்களையும் கரைக்குக் கொண்டுவந்தது மசூலா படகுக்காரர்களும் கட்டுமரக்காரர்களும். அலை முறியும் இடம்தான் ஆபத்தான இடம். அந்த இடத்தை ஒரு நாளைக்குப் பல தடவை தாண்டியவர்களுக்கு இன்சூரன்ஸ் இல்லை.

நான் ராயபுரம் கல்மண்டபம் பக்கம் வளர்ந்தவன். இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறேன். வெளிநாட்டு இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றின் பிரீமியம் கணக்கிடும் நிரலைப் பராமரிப்பதும் சில காலம் என் வேலையாக இருந்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் ஒரு வீட்டின் விலாசத்தைப் போட்டால், வெள்ளத்துக்கான கட்டணம் வரும். அதற்குக் கீழே ஒரு வரி: உங்கள் நகரம் எடுத்த நடவடிக்கைகளுக்காக இத்தனை சதவீதம் கழிவு. முதல் தடவை பார்த்தபோது புரியவில்லை. நகரம் சாக்கடை தூர் வாரினால் எனக்கு எப்படிக் காசு மிச்சமாகும்? அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போனதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் நம்மூர்க் கதை. கப்பல்களின் ஆபத்தைக் குறைக்க மெட்ராஸுக்கு ஒரு செயற்கைத் துறைமுகம் வேண்டும் என்று வணிகர்கள் பல காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் வடிவமைப்பு: கரையிலிருந்து கடலுக்குள் நீளும் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அவற்றை உடைத்தெறிந்தது. மறுபடியும் கட்டினார்கள். 1904-இல் போர்ட் டிரஸ்ட் தலைவராக வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் நுழைவாயிலின் திசையையே மாற்றினார். கப்பல்களுக்கு ஆபத்து குறைந்தது.

ஆனால் இந்தக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. வருடத்தின் பெரும்பகுதி அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நடுவில் சுவர் எழுப்பினால் தெற்கே மணல் சேரும், வடக்கே மணல் வராது. தெற்கே சேர்ந்த மணல்தான் இன்றைய அகலமான மெரினா. 1884-இல் ஆளுநர் கிரான்ட் டஃப் அதற்குப் பெயர் வைத்தார். வடக்கே வராமல் போன மணல்தான் ராயபுரத்தின் கடலரிப்பு. ஒரே சுவர். ஒரு பக்கம் உலகப் புகழ்பெற்ற கடற்கரை, இன்னொரு பக்கம் தெருத் தெருவாகக் கடலுக்குள் போன மீனவக் குப்பங்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இன்று நீங்கள் பார்ப்பது கடற்கரை அல்ல, கொட்டிவைத்த பாறாங்கல். 2000-களில் தூண்டில் வளைவுகள் போட்டபிறகுதான் சில இடங்களில் கொஞ்சம் மணல் திரும்பியது.

காப்பீட்டுக்காரன் கண்ணில் பார்த்தால் துறைமுகம் ஒரு வெற்றி. கப்பலின் ஆபத்து குறைந்தது. ஆனால் அந்த ஆபத்து காணாமல் போகவில்லை. பாதி கரைந்தது, பாதி நகர்ந்தது. நகர்ந்த பாதி, பாலிசி இல்லாதவர்களின் வாசலில் போய் உட்கார்ந்தது. கணக்குப் புத்தகத்தில் அது எங்கேயும் பதிவாகவில்லை, ஏனென்றால் அங்கே யாரும் க்ளெய்ம் போடவில்லை.

இதற்கும் முந்தின கதை ஒன்று உண்டு. 1767-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை மெட்ராஸின் சுற்றுப்புறங்களைச் சூறையாடியது. பயந்துபோன கம்பெனி, கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஒரு மதில் கட்ட முடிவுசெய்தது. ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்ட். 1770-களின் தொடக்கத்தில் வேலை முடிந்தது. பாதுகாப்பு உங்களுக்குத்தானே, செலவில் ஒரு பங்கை நீங்கள் கொடுங்கள் என்று உள்ளே இருந்தவர்களிடம் வரி கேட்கத் திட்டம். அந்த வரி முறையாக வசூலாகவே இல்லை என்பார்கள். பெயர் மட்டும் நின்றுவிட்டது: வால்டாக்ஸ் ரோடு. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் தினமும் நாம் கடக்கிற தெரு.

வடக்கு மதிலின் மிச்சம் இன்றும் பழைய ஜெயில் ரோட்டில், மாடிப் பூங்காவில் இருக்கிறது. அங்கிருந்து இன்னும் வடக்கே நடந்தால் வருவது ராயபுரம். அதாவது மதிலுக்கு வெளியே. 1782 பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரமும், கடைசியில் தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று கிளம்பிய ராயபுரம் நிலையமும் இந்த வெளிப்பக்கத்தில்தான். நகரத்துக்குத் தேவையானது எல்லாம் மதிலுக்கு வெளியே வந்தது: ரயில், துறைமுகம், அனல்மின் நிலையம், குப்பைமேடு, எண்ணெய்க் குழாய். மதில் மட்டும் வரவில்லை.

*

இனி அந்தக் கழிவு வரிக்கு வருகிறேன்.

தனியார் கம்பெனிகள் வெள்ளத்துக்குக் காப்பீடு தர மறுத்த நிலையில், 1968-இல் அமெரிக்க அரசு தானே ஒரு தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. நிபந்தனை ஒன்று: வெள்ளச் சமவெளியில் எப்படிக் கட்டலாம் என்று உள்ளாட்சி சட்டம் போட்டால்தான் அந்த ஊர்க்காரர்களுக்குப் பாலிசி கிடைக்கும். 1990-இல் அடுத்த படி. குறைந்தபட்ச விதியைவிட அதிகம் செய்யும் ஊர்களுக்குப் புள்ளி கொடுத்தார்கள். ஒவ்வொரு 500 புள்ளிக்கும் ஒரு படி ஏறலாம். ஒரு படிக்கு 5 சதவீதம் கழிவு. உச்சிப் படியான முதல் வகுப்புக்கு 45 சதவீதம்.

யோசனை புதிதல்ல. 1904-இல் பால்டிமோர் நகரம் எரிந்தபிறகு, அமெரிக்கத் தீக்காப்பீட்டு நிறுவனங்கள் ஊர் ஊராகப் போய்த் தண்ணீர்க் குழாயின் அழுத்தத்தையும் தீயணைப்பு வண்டிகளையும் சோதித்து ஊர்களைத் தரம்பிரிக்க ஆரம்பித்தன. நல்ல தரம் வாங்கிய ஊரில் பிரீமியம் குறைவு. அதே தர்க்கம், நெருப்புக்குப் பதில் தண்ணீர்.

கணக்கு எளிமையானது. ஒரு வீட்டில் இருபது வருடத்துக்கு ஒருமுறை வெள்ளம் புகுந்து ஒரு லட்சம் நஷ்டமாகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்குச் சராசரி 5,000 ரூபாய். கம்பெனியின் செலவும் லாபமும் இதற்கு மேலே. நகரம் வடிகாலைச் சரிசெய்து அதை நாற்பது வருடத்துக்கு ஒருமுறை என்று ஆக்கிவிட்டால் சராசரி 2,500. வீட்டுக்காரர் ஒரு செங்கல்லையும் நகர்த்தவில்லை. ஊர் செய்த வேலைக்கு அவருக்குப் பாதி மிச்சம்.

ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரம் இதற்குப் பேர்போன உதாரணம். 1984 மே மாத வெள்ளத்தில் அங்கே 14 பேர் இறந்தார்கள். அதன்பிறகு நகராட்சி தாழ்வான இடங்களில் இருந்த நூற்றுக்கணக்கான கட்டடங்களை விலைகொடுத்து வாங்கி அப்புறப்படுத்தியது. அந்த இடங்களைப் பூங்காவாக, விளையாட்டு மைதானமாக விட்டது. தண்ணி வந்தால் அங்கே நிற்கட்டும். மழைநீருக்கென்று வீட்டுக்கு வீடு மாதக் கட்டணம் வாங்கியது. அதுவும் ஒருவகை வால்டாக்ஸ்தான், ஆனால் வசூலானது. 1990-களில் நாட்டிலேயே குறைந்த வெள்ளக் காப்பீட்டுக் கட்டணம் கட்டும் ஊர்களில் ஒன்றாக டல்சா ஆனது. முதல் வகுப்பை முதலில் எட்டியது கலிஃபோர்னியாவின் ரோஸ்வில், 2006-இல்.

ரொம்பப் புகழவும் வேண்டாம். அந்தத் தேசியத் திட்டம் கடனில் மூழ்கிக் கிடக்கிறது. 2017-இல் மட்டும் 1,600 கோடி டாலர் கடனை நாடாளுமன்றம் தள்ளுபடி செய்தது. புள்ளித் திட்டத்தில் சேர்ந்தவை, 22,000-த்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளில் 1,500 சொச்சம்தான். படிவம் நிரப்ப ஆள் இல்லாத ஏழை ஊருக்குப் புள்ளியும் இல்லை, கழிவும் இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் அங்கே இருக்கிறது: நகரம் செய்யும் வேலைக்கும் குடிமகன் கட்டும் காசுக்கும் நடுவே ஒரு வயர்.

*

நம்மிடம் அந்த வயர் இல்லை.

1973 ஜனவரியில் பொதுக் காப்பீடு நாட்டுடைமையானது. 107 கம்பெனிகள் நான்காகச் சுருங்கின. அதில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் நம்மூரில்தான். தீக்காப்பீட்டின் விலையை ஒரு கட்டண ஆலோசனைக் குழு நாடு முழுவதற்கும் நிர்ணயித்தது. நிலநடுக்கத்துக்கு நாட்டை மண்டலங்களாகப் பிரித்தார்கள். வெள்ளத்துக்கு அப்படி மண்டலம் இல்லை. புயல், வெள்ளம் எல்லாம் ஒரே பொட்டலம். மேட்டில் இருப்பவரும் பள்ளத்தில் இருப்பவரும் ஒரே விகிதம். 2007 ஜனவரியில் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியது. 2021 ஏப்ரலிலிருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரேமாதிரியான வீட்டுப் பாலிசியை எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும். நல்ல பாலிசிதான், வெள்ளமும் அடக்கம், வீட்டுச் சாமானும் அடக்கம். ஆனால் நான் பார்த்த எந்த விண்ணப்பப் படிவமும் கேட்கவில்லை, உங்கள் தெரு வடிகால் கடைசியாக எப்போது தூர் வாரப்பட்டது என்று.

மென்பொருளில் உள்ளீட்டை எவ்வளவு மாற்றினாலும் வெளியீடு மாறவில்லை என்றால், நடுவில் எங்கோ இணைப்பே கொடுக்கவில்லை என்று அர்த்தம். கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் ஆசிய வளர்ச்சி வங்கியின் 25.1 கோடி டாலர் கடனுடன் 588 கிலோமீட்டர் புதிய மழைநீர் வடிகால் திட்டம் 2021-இல் ஒப்புதலானது. திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் அதில் வரும். 2021 வெள்ளத்துக்குப் பிறகு திருப்புகழ் தலைமையில் ஒரு குழு அமைந்து 2023-இல் இறுதி அறிக்கையும் கொடுத்தது. இத்தனை கோடிக் கணக்கான வேலைக்கும், அந்தத் தெருவில் ஒரு வீட்டின் பிரீமியத்துக்கும் தொடர்பே கிடையாது. நல்லாச் செய்தாலும் குறையாது, மோசமாச் செய்தாலும் ஏறாது.

அடித்தளமான ஒன்றும் இல்லை. வெள்ளச் சமவெளியில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று வகுக்க ஒரு மாதிரிச் சட்டத்தை மத்திய அரசு 1975-இலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான் போல விரல்விட்டு எண்ணக்கூடிய சிலதான் சட்டமாக்கின. தமிழ்நாடு அதில் இல்லை.

ஒரு விளையாட்டுக்காக, அமெரிக்கப் புள்ளி அட்டையை எடுத்து வடசென்னைக்கு மார்க் போட்டுப் பாருங்கள். அந்த அட்டையில் அதிகப் புள்ளி தரக்கூடிய செயல்களில் ஒன்று, தண்ணி நிற்கும் திறந்தவெளியைக் கட்டாமல் விடுவது. அந்தக் கணக்கில் நமக்குக் கிடைத்த பெரிய சொத்து எண்ணூர் கழிமுகம். கடல் ஏறினாலும் ஆறு இறங்கினாலும் இரண்டையும் தாங்கிக்கொள்ளும் உப்பங்கழி, அலையாத்தி, உப்பளம். அதில்தான் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது, நிலம் நிரப்பப்பட்டது. வடிகால் பராமரிப்புக்குப் புள்ளி உண்டு. பக்கிங்காம் கால்வாயின் வடபகுதியை பேசின் பிரிட்ஜ் பாலத்திலிருந்து எட்டிப் பாருங்கள், மார்க்கை நீங்களே போடலாம். முன்னெச்சரிக்கைக்குப் புள்ளி உண்டு. அதில் மட்டும் கொஞ்சம் தேறுவோம்.

*

சரி, வயரை இழுத்துவிட்டால் போதுமா? காசிமேட்டில் தெரிந்த ஒரு அண்ணனிடம் இதையெல்லாம் ஆர்வமாக விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போட்டுக்கே இன்சூரன்ஸ் கட்ட முடியல தம்பி, நீ வூட்டுக்குக் கட்றதுல இன்னா கொறையும்னு கேக்குற. கட்டாத காசுல இன்னாத்த கொறைக்கிறது?"

இதுதான் விஷயத்தின் கழுத்து. 2015 டிசம்பர் வெள்ளத்தில் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஏற்பட்ட இழப்பு 75 கோடி டாலருக்குப் பக்கம் என்றும் மொத்தப் பொருளாதார இழப்பு குறைந்தது 220 கோடி டாலர் என்றும் ஸ்விஸ் ரீ நிறுவனம் மதிப்பிட்டது. மூன்றில் ஒரு பங்கு காப்பீட்டில் இருந்தது என்றால் இந்தியாவுக்கு அது பெரிய விகிதம். ஆனால் அதில் பெரும்பகுதி தொழிற்சாலை, கடை, கார். குடிசைமாற்று வாரியக் குடியிருப்பிலோ, வாடகை வீட்டிலோ, பட்டா இல்லாத மனையிலோ இருப்பவர் அந்தக் கணக்கின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஆனால் அவர் பிரீமியம் கட்டவில்லை என்று யார் சொன்னது? எங்கள் வீட்டில் அக்டோபர் பிறந்தால் அம்மா பீரோவுக்கும் பிரிட்ஜுக்கும் அடியில் செங்கல் வைப்பார். ரேஷன் கார்டு, பத்திரம், என் மார்க் ஷீட் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் பரண்மேல் ஏறும். தெருவில் ரோடு போடும்போதெல்லாம் ரோடு உயரும், வீடு பள்ளமாகும். நைனா இரண்டு தடவை தரையை உயர்த்தினார். இரண்டாவது தடவை அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. மீட்க மூன்று வருடம். தரையை உயர்த்தியதில் கதவின் நிலை தாழ்ந்து, உயரமானவர்கள் குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது. இதெல்லாம் பிரீமியம் இல்லாமல் வேறு என்ன? ஒரே வித்தியாசம், இதற்குப் பாலிசி பத்திரம் கிடையாது, க்ளெய்மும் கிடையாது. நாங்கள் தரையை உயர்த்தியதும், எங்கள் வாசலில் நின்ற தண்ணி பக்கத்து வீட்டுக்குப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். மறு வருடம் அவர்களும் உயர்த்தினார்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. எர்ணாவூரில் வீட்டுச் சுவரில் தண்ணி நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. படகு, வலை எல்லாம் பிசுபிசுப்பு. வெள்ள நிவாரணம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். எண்ணெய்க்காக மீனவக் குடும்பங்களுக்குத் தனியாக 12,500 ரூபாய் அறிவித்தார்கள். நிவாரணம் நல்லது. ஆனால் அது எவ்வளவு, எப்போது, யாருக்கு என்பது வெள்ளம் வந்தபிறகுதான் தெரியும். காப்பீடு என்பது அதை முன்கூட்டியே எழுதிவைப்பது. ஏழைக்கும் நடுத்தர வர்க்கத்துக்கும் இடையே உள்ள வித்தியாசங்களில் இதுவும் ஒன்று: ஒருவருக்கு நஷ்டஈடு உரிமை, இன்னொருவருக்கு அறிவிப்பு.

தனிநபர் பாலிசி எட்டாத இடத்தில் கூட்டாக எடுக்கலாம். நாகாலாந்து அரசு மாநிலத்துக்கே சேர்த்து, மழை அளவை வைத்துப் பணம் தரும் பாலிசி எடுத்திருக்கிறது. இதில் சர்வேயர் வந்து சுவரைத் தட்டிப் பார்க்க மாட்டார். குறித்த அளவைத் தாண்டினால் பணம் வரும். 2024 கோடையில் சேவா அமைப்பின் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்களுக்கு வெப்பநிலையை வைத்து இப்படித்தான் சிறு தொகை கிடைத்தது. பட்டா தேவையில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மண்டலங்களுக்கு மாநகராட்சியே இப்படி ஒன்றை எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: அளவுகோல் சரியாக இருக்க வேண்டும். நுங்கம்பாக்கத்தில் பெய்த மழையும் எர்ணாவூரில் நின்ற தண்ணியும் ஒன்றல்ல. மழைமானியை அல்ல, தெருவில் தண்ணியின் உயரத்தை அளக்கும் கருவியை வைத்தால், நகரத்துக்கு ஒரு லாபம் உண்டு. வடிகால் நன்றாக வேலை செய்தால் அடுத்த வருடம் மாநகராட்சி கட்டும் பிரீமியம் குறையும். தூர் வாரியது உண்மையா, பில் மட்டும்தானா என்று காப்பீட்டுக்காரன் கேட்பான். காணாமல் போன வயர் அங்கே வந்துவிடும்.

ஆனால் அமெரிக்கச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றால், நான் 45 சதவீதத்தை எடுக்க மாட்டேன். வேறொரு விதியை எடுப்பேன். ஆற்றின் வெள்ளவழிப் பாதையில் யார் எதைக் கட்டினாலும், பெருவெள்ளத்தின்போது நீர்மட்டம் அதனால் உயராது என்று பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். உயர்வு பூஜ்யம். அப்போதுதான் அனுமதி.

கட்டுபவன் தன் ஆபத்தைக் குறைத்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்குத் தள்ளக்கூடாது என்பதுதான் அதன் பொருள். இந்தக் கேள்வியை 1876-இல் அலைதடுப்புச் சுவருக்குக் கேட்டிருந்தால் அது தேறியிருக்காது. எண்ணூர் கழிமுகத்தில் நிரப்பிய ஒவ்வொரு ஏக்கருக்கும் கேட்டிருந்தால் தேறியிருக்காது. எங்கள் தெருவில் மாற்றி மாற்றி உயர்த்திய ரோடும் தரையும் தேறியிருக்காது. பிரீமியத்தைக் குறைக்க எந்த நகரமும் இரண்டு வழியில் போகலாம்: தண்ணிக்கு இடம் விடலாம், அல்லது பாலிசி இல்லாதவர் பக்கம் திருப்பிவிடலாம். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். எது நடந்தது என்று தெரிய, புத்தகத்தை மூடிவிட்டு, மழை விட்ட மறுநாள் பழைய ஜெயில் ரோட்டைத் தாண்டி வடக்கே நடக்க வேண்டும். முழங்கால் வரை தண்ணி இருக்கலாம், பேன்ட்டை மடித்துக்கொள்ளுங்கள்.